சீம்பால் தூக்கில் கிடந்த ஆணி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பேராசிரியர் என்னை அழைத்து, "காதர், இந்த லேப்ல ஒரு பொட்டு தூசி விழுந்தாலும் பல மாச வேலை போச்சு. ஞாபகம் இருக்கட்டும்" என்றார். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. துடைத்த தம்ளரையே மறுபடியும் துடைக்கிறவன் என்று ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அந்தச் சுத்தம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடம். எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்வதும், கண்ணாடியைச் சூடாக்கி மெல்லிய குழாயாக இழுத்துக் கொடுப்பதும் என் வேலை. தற்காலிகப் பணிதான். நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று அந்த வருஷம் முடிவு செய்ய இருந்தார்கள். அதனால் நான் மூச்சு விடுவதைக்கூட யோசித்துத்தான் விடுவேன்.

1. தூக்கும் சைக்கிளும்

ஜானகி மேடம் மயிலாப்பூர்க்காரர். டாக்டர் பட்டத்துக்காக ஒரு புரதத்தை எடுத்திருந்தார். எருமையின் சீம்பாலில் நிறைய இருக்கிற புரதம் அது. கிருமி வளர இரும்புச்சத்து வேண்டுமாம். இந்தப் புரதம் அந்த இரும்பைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுமாம். "பொறந்த கன்னுக்குட்டிக்கு அம்மா கொடுத்தனுப்பற காவல்காரன் மாதிரி வெச்சுக்கோங்களேன்" என்றார். அந்தக் காவல்காரனின் உருவம் தெரிய வேண்டுமானால் முதலில் புரதத்தைப் படிகமாக வளர்க்க வேண்டும். பிறகு அதை எக்ஸ்ரேயில் படம் பிடிக்க வேண்டும்.

சீம்பாலுக்கு மந்தைவெளியில் எருமை வைத்திருந்த முனியம்மாவைப் பிடித்தோம். கன்று குடித்த மீதியை ஒரு பித்தளைத் தூக்கில் ஊற்றித் தருவார். நான் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அடையாறு பாலம் தாண்டிக் கொண்டுவருவேன்.

முதல் தடவை கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை. மேடம் ஊரில் இல்லை. தூக்கு திங்கள்கிழமை வரை கோல்ட் ரூமில் இருந்தது. அந்தப் பாலிலிருந்து மேடம் பிரித்தெடுத்த புரதம் நல்ல ரோஜா நிறம். மூன்று வாரத்தில் குழாயின் அடியில் படிகம் வந்துவிட்டது, ஊசி முனை அளவுக்கு. படம் எடுக்கப் போதாதுதான். ஆனாலும் லேபே மைக்ராஸ்கோப் முன்னால் வரிசையில் நின்றது.

நான் நின்றது கழுவுதொட்டி முன்னால். மீதிப் பாலோடு கோல்ட் ரூமிலேயே இருந்த தூக்கை அன்றுதான் கழுவ எடுத்திருந்தேன். கவிழ்த்தபோது அடியிலிருந்து லொட்டென்று விழுந்தது, துருப்பிடித்த ஓர் ஆணி.

பேராசிரியர் கண்ணில் பட்டால் என் வேலை அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாமல் ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மந்தைவெளிக்குப் போனேன்.

"இன்னாம்மா இது, பால்ல ஆணி கீது?"

"பின்ன இன்னா பாய்? சீம்பாலு தெருவத் தாண்டிப் போவுது. எவன் கண்ணு படுமோ! இரும்பு போடாம அனுப்பிச்சா எருமைக்கு மடி கட்டிக்கும். ஆணி இல்லன்னா பாலும் இல்ல, ஆமா."

வாதாடிப் பயனில்லை. அடுத்த தடவையிலிருந்து அவர் ஆணி போடுவார்; நான் பாலம் ஏறுவதற்கு முன் சைக்கிளை நிறுத்தி, ஓரமாகப் போய் அதை எடுத்துவிடுவேன். இரண்டு பேருக்கும் திருப்தி. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2. ஆறு மாதம்

அதன் பிறகு மூன்று எருமைகள் கன்று போட்டன. மூன்று தடவை பால் வந்தது. புரதமும் வந்தது. படிகம் மட்டும் வரவில்லை. குழாயில் வெறும் கலங்கல்தான்.

மேடம் உப்பை மாற்றினார், அளவை மாற்றினார், தண்ணீரைக்கூட மாற்றினார். ஒரு நாள் அவரே முனியம்மாவின் கொட்டகைக்குப் போய், தீவனம் எதையாவது மாற்றினார்களா என்று விசாரித்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதும் விட்டார். ஸ்காலர்ஷிப் முடிய நாலு மாதம்தான் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல படிகமாவது வராவிட்டால் பட்டமும் இல்லை. "ஆத்துல வரன் பார்த்துண்டிருக்கா. படிச்சது போறும், மூட்டையைக் கட்டிண்டு வாங்கறா" என்றார் ஒரு நாள். நான் போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

மறுநாள் அவர் பழைய குழாயையும் புதிய குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்கோ காதர், இது எப்படி வெளிறிக் கெடக்கு. இரும்பு முழுக்க ஏறினாத்தான் அந்த ரோஜா நிறம் வரும். மொத தடவை மட்டும் எங்கேர்ந்து வந்தது இரும்பு?"

என் டிராயரில் ஒரு தீப்பெட்டியில் நாலு ஆணி இருந்தது.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. நாலாம் நாள் அவர் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்ததைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. தீப்பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "ஆறு மாசம் என்னையே திட்டிண்டிருந்தேன் காதர்" என்றார். அவ்வளவுதான். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: முதல் பாலில் இரும்பு ஆணி கிடந்தது, மற்ற மூன்றிலும் வழியில் எடுக்கப்பட்டது.

"யார் எடுத்தான்னு எழுதலையே மேடம்?"

"அது புரதத்துக்குத் தெரிய வேண்டாம்."

பேராசிரியர் படித்துவிட்டு, யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இனிமே எது விழுந்தாலும் எழுதிட்டுத் துடை" என்றார்.

அடுத்த பாலை மேடம் இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் மட்டும் அளந்து இரும்பு உப்பு சேர்த்தார். சேர்க்காத பங்கு கலங்கியது. சேர்த்த பங்கில் கடுகில் பாதி அளவுக்குச் சிவப்புப் படிகம் வந்தது. நான் இழுத்த குழாயில்தான் அதை அடைத்து எக்ஸ்ரே முன்னால் வைத்தோம். இருட்டறையில் பிலிமைக் கழுவியபோது நல்ல படிகத்துக்கு அடையாளமான புள்ளிகள் வரிசை தப்பாமல் தெரிந்தன. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மாதிரிப் புரதத்தின் முழு உருவத்தைப் பல வருஷம் கழித்து வெளிநாட்டில்தான் கண்டுபிடித்தார்கள். மேடத்துக்குப் பட்டம் கிடைக்க அந்தப் புள்ளிகளே போதுமாக இருந்தன. என் வேலையும் நிரந்தரமாயிற்று. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோட்டில் எதை எழுத வெட்கமாக இருக்கிறதோ, அதை முதலில் எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது பேராசிரியரிடம் என்று நினைத்துவிடாதீர்கள். படிகத்தைப் பார்க்க முனியம்மாவை ஒரு நாள் லேபுக்கு அழைத்து வந்தோம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "ஐயே, செவப்புக் கல்லு கணக்கா கீது! என் எருமைப் பாலா இது?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் அவரிடமும் ஆணி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தன் எருமைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று சண்டைக்கு வருவார் என எதிர்பார்த்தேன்.

அவர் எருமையைப் பற்றிப் பேசவே இல்லை. சிரிப்பு அடங்கி, என்னையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என் கொட்டாயில குந்திக்கினு அழுதுச்சே பாய். அன்னிக்கு நீயும் கூடத்தானே நின்னுக்கினு இருந்தே?"