அவஸ்தை கொடுத்தாச்சு

கரமனை அக்ரஹாரத்து வீட்டில் கத்தோலிக்க மருமகளாக நுழைந்த நாளிலிருந்து என் மாமியாருக்கு நான் ஒரு நடமாடும் வினாவிடைப் புத்தகம். காபி ஆற்றும்போது ஒரு கேள்வி, துணி மடிக்கும்போது ஒரு கேள்வி.

"மாதாவும் தெய்வம்னா, அப்போ அவ ஆத்துக்காரர், அந்த தச்சர், ஆராக்கும்?"

"பூசையில தர அந்த அப்பம் நெஜமாவே மாம்சமா மாறிடுமாடி? அப்போ கோவில்லயே நான்வெஜ் ஆரம்பிச்சாச்சே!"

"பண்ணின பாவத்தை எல்லாம் சாமியார் காதுல சொல்லிட்டா தீந்துதா? நல்ல சௌகரியமாக்கும், பின்னே."

பக்கத்து வீட்டு மாமிகள் இருக்கும்போது கேள்விகள் கூடுதலாக வரும். ஆரம்பத்தில் நானும் மெனக்கெட்டுப் பதில் சொன்னேன். மாதாவை ஆராதிப்பதில்லை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறோம் என்றேன். சிபாரிசு என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் பகல் முழுக்கச் சிடுமூஞ்சி கிளையன்டுகளுக்குப் பதில் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்தால் சம்பளம் இல்லாமல் அதே வேலை.

என் கணவர் குறுக்கே வரமாட்டார். அவர் நல்லவர். நல்லவர்களால் ஒரு வீட்டில் ஆகும் காரியம் மிகக் குறைவு.

ஒருநாள் திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். அத்தை சாகக் கிடந்த நேரம் அது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "ஏட்டி, அத்தைக்கு அவஸ்தை கொடுத்தாச்சு. இனி கவலையில்ல" என்றார் அப்பா, நிம்மதியாக.

மாமியார் கரண்டியோடு வந்து நின்றார். "என்னடி இது! அவஸ்தை கொடுத்தாச்சுன்னு சந்தோஷமாச் சொல்றார்?"

விளக்கினேன். பாதிரியாரை எங்கள் ஊரில் சாமி என்போம், சாமியார் என்போம். சாகும் தறுவாயில் இருப்பவரிடம் அவர் வந்து ஜெபம் சொல்லி, மந்திரித்த எண்ணெயை நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசுவார். அதற்குப் பெயர் அவஸ்தைப் பூசுதல். இப்போது சர்ச்சில் நோயில் பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் மாற்றவில்லை. அது கிடைத்தவர் பயமில்லாமல் போவார் என்பது எங்கள் நம்பிக்கை.

"அவஸ்தைக்கு அவஸ்தைன்னே பேர் வச்சிருக்கா பாரு!" மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரம் தெருவில் இதே பேச்சு. யாருக்காவது பல்வலி என்றால்கூட, "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்பார்.

அடுத்த வருடம் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, தனியாக விட முடியாமல் எங்களோடு அழைத்து வந்தேன். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "உங்கப்பா தாராளமா இருக்கட்டும். ஆனா பாதிரி ஒருத்தரும் ஆத்துக்குள்ள வரப்படாது. தெருவில எனக்குத் தலை நிமிர்ந்து நடக்கணும்."

அப்பாவும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏட்டி, எனக்கு வேற ஆசை ஒண்ணும் கெடயாது. அவஸ்தை வாங்காமப் போயிரக் கூடாது. நான் கேட்டன்னா சாமியார உடனே வரச் சொல்லிரணும், என்னா?" சரி என்றேன். சர்ச்சுக்கு ஆட்டோவில் போகிற தூரம்தான். நிபந்தனையை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் நான் ஆபீஸில் இருந்தபோது வந்தது. மாமியார் போன் செய்தார். "உங்கப்பா அவஸ்தைப்படறார். டாக்டர்ட்ட சொல்லியாச்சு, நீ வேகம் வா." அந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் அவர்கள் தமிழ் பழகிப் போயிருந்தது. வலியில் துடிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை.

நான் போனபோது அப்பாவின் உயிர் போயிருந்தது. நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி. விபூதி எங்களுக்கும் உண்டு, தவக்காலத்தின் முதல் புதன்கிழமை வைப்பார்கள். ஆனால் அது உயிரோடு இருப்பவர்களுக்கு. புடவைத் தலைப்பால் துடைத்தேன், சுருக்கங்களுக்குள் போனது போகவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் வாய் ஓயாமல் சொன்னார். "அவஸ்தை, அவஸ்தைன்னே சொல்லிண்டிருந்தார், பாவம். நோவு தாங்கலையாக்கும்னு கஷாயம் வச்சுக் குடுத்தேன். சாமி, சாமின்னு கையைப் பிடிச்சுண்டார். நானும் பகவான் நாமம் சொல்லுங்கோன்னு விபூதி இட்டேன். நன்னா அடங்கிப் போயிட்டார்." கேட்டவர்கள் அவர் மனசைப் பாராட்டினார்கள்.

அப்பா கேட்டிருக்கிறார். இவரிடம்தான் கேட்டிருக்கிறார், கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது.

"அம்மாவுக்கு வயசாச்சு. நீ சொன்ன அர்த்தம் மறந்திருக்கும்" என்றார் என் கணவர். ஒரு வாரம் தெரு முழுக்கச் சிரித்த வார்த்தை மறக்குமா என்று கேட்டேன். அவர் நல்லவர், வந்தவர்களுக்கு நாற்காலி போடப் போனார்.

மறந்தாரா, மறைத்தாரா என்று எனக்கு ஒரு மாதம் தூக்கமில்லை. அப்பாவுக்கான மாதப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்த அன்று வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மாமியார் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமாடி?" முதல் தடவையாக அனுமதி கேட்டார். மாமிகள் யாரும் இல்லாமல் கேட்டதும் அதுதான் முதல் தடவை. "நெத்தியிலயும் உள்ளங்கையிலயும் அந்த எண்ணெய் வைப்பாளே, அது வைக்காமப் போயிட்டா... அந்த ஆத்மா என்னாகும்?"

அப்பா போன பிறகு அந்த வீட்டில் எண்ணெய் என்று யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உள்ளங்கை என்று நான் சொன்னது ஒரே ஒரு நாள், அவர் கரண்டியோடு நின்ற அன்று.

அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் சாமியார் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஒண்ணும் ஆகாதும்மா. மனசார கேட்டும் கிடைக்கலேன்னா அது அவர் குத்தமில்ல. கேட்டதையே கடவுள் ஏத்துப்பார். எங்கப்பா நல்லபடியாப் போய்ச் சேந்திருப்பார்."

அவர் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டார், "பகவானே" என்றார். அந்த மூச்சை முழுதாக விட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கேட்டவருக்குத்தான் ஒண்ணும் ஆகாது" என்றேன். "காதுல விழுந்தும் கூப்பிடாதவாளுக்கு என்னாகும்னு எங்க வேதத்துல தனியா இருக்கு."

கத்தி பீன்ஸின் மேல் நின்றது. நான் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன், எனக்கு அவசரம் எதுவும் இல்லை. என்னாகும் என்று அவர் கேட்கவில்லை.