குக்கர் கேக்கும் என் மூக்கும்

எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் வீட்டில் என் மூக்குக்கு இருந்த மரியாதை எனக்கே இருந்ததில்லை. கணக்கில் நான் மக்கு. ஓட்டப்பந்தயத்தில் கடைசி. பாடச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் வெண்ணெய் உருக்கினால் நான் வர வேண்டும். ரவை வறுத்தால் நான் வர வேண்டும். காலையில் அரைத்த சட்னி சாயங்காலத்துக்குத் தாங்குமா என்று தீர்ப்புச் சொல்லவும் நான்தான் வர வேண்டும். "இங்க வா, வாசனை பாரு" என்று அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். என் சமையல் ஞானத்தைப் பார்த்து அசந்துபோய்தான் அம்மா என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் அதுவல்ல. அம்மாவுக்கு வாசனை தெரியாது. தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அவளுக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் ஆட்டிவைத்துவிட்டுப் போனபோது அது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். இது எனக்குத் தெரிந்ததே கல்யாணமாகி, மசக்கையில் எந்த வாசனையும் ஆகவில்லை என்று நான் அவளிடம் புலம்பிய அன்றுதான். "எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்போது சிரிக்கவில்லை.

அவள் அதை மறைத்ததற்குக் காரணம் என் அத்தை. அப்பாவின் அக்கா. பூந்தமல்லி பக்கம் நசரத்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே அம்மாவை நோஞ்சான் என்று சொன்னவள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கூடமாட ஒத்தாசைக்கு என்று வந்து பத்து நாள் தங்கினாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், துணி துவைத்தாள், அதில் ஒரு குறையும் இல்லை. திரும்பிப் போய்ப் பூந்தமல்லி முழுக்க, தன் தம்பிக்குச் சீக்காளியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொல்லி மாய்ந்துபோனாள். அந்தப் பேச்சு சுற்றிக்கொண்டு வாலாஜாவில் அம்மாவின் பிறந்த வீடு வரைக்கும் போயிற்று. இன்னொரு செய்தியை அத்தை வாயில் போடுவதில்லை என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய்விடும். அதனால் அப்பாவுக்கும் தெரியாது.

நாங்கள் இருந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். வரிசைக்கு எட்டு வீடு. எட்டு வீட்டிலும் எட்டு ஊர்ச் சமையல். கோயம்புத்தூர்க்கார வீட்டில் அரிசியும் பருப்புமாகச் சேர்த்துப் பொங்குவார்கள். காரைக்குடிக்கார வீட்டில் மிளகு வறுத்தால் நாங்கள் தும்முவோம். எதிர்வீட்டு நாகர்கோவில் அக்காதான் அம்மாவுக்குக் கேக் போடச் சொல்லிக்கொடுத்தவள். கற்றுக்கொடுத்தவளைவிட அம்மாவின் கேக் நன்றாக வந்தது. வரிசையில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் முட்டையும் மைதாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடித்த சர்க்கரை, அரை டம்ளர் வெண்ணெய், மூன்று முட்டை, ஒரு சிட்டிகை ஆப்பசோடா, நாலு ஏலக்காய். குக்கரின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் சலித்த ஆற்று மணலைக் கொட்டிச் சூடேற்ற வேண்டும். மணல் காய்ந்ததும் அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரியை இறக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் மூடியைத் தொடவே கூடாது. பாதியில் திறந்தால் கேக் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். வெந்ததா என்பதை மூடித் துளை வழியாக வருகிற வாசனையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் என் உத்தியோகம். முதலில் பச்சை முட்டை வாசனை வரும். பிறகு ஏலக்காய். கடைசியில் வெல்லப்பாகு காய்வதுபோல ஒரு வாசனை. அது வந்ததும் "ஆச்சும்மா" என்பேன். அம்மா மூடியைத் திறந்து ஈர்க்குச்சியைக் குத்தி எடுப்பாள். குச்சியில் ஒன்றும் ஒட்டியிருக்காது. சுவரில் கடிகாரம் இருந்தது, ஆனால் அவள் என்னைத்தான் நம்பினாள்.

இப்படி இருக்கையில், வருஷக்கணக்காகக் காத்திருந்த எங்கள் கேஸ் கனெக்‌ஷனுக்கு முறை வந்துவிட்டதாகக் கார்டு வந்தது. பதினைந்து நாளுக்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். வரிசையில் ஐந்து வீட்டில் ஏற்கெனவே கேஸ் வந்துவிட்டது. அப்பா கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா வேண்டாம் என்றாள். ஏன் என்றதற்குப் பயமாக இருக்கிறது என்றாள். வெடிக்கும் என்றாள். கைக்குழந்தை வீடு என்றாள். தம்பிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வயது முடிகிறது, அவன் கைக்குழந்தையா என்று அப்பா கேட்டார். அவள் மாவு சலிக்கப் போய்விட்டாள்.

கேஸ் கசிந்தால் மூக்குதான் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகல் முழுக்க அந்த வீட்டில் மூக்கு கிடையாது. அவளும் தம்பியும்தான் இருப்பார்கள். இது இப்போது எனக்கு எவ்வளவு சுலபமாகப் புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா ஒரு பட்டிக்காடு என்பதுதான்.

எனக்குக் கேஸ் வேண்டும். அடுப்புக்காக அல்ல, யூனிஃபார்முக்காக. ஐப்பசி மழையில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி என் பாவாடை சட்டையைக் காயப்போடுவாள் அம்மா. அது காய்வதற்குள் திரி ஸ்டவ்வின் புகையை எல்லாம் குடித்துவிடும். என் பக்கத்தில் உட்காருகிற பெண் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். "இன்னாடி, உம் மேல கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா என் சட்டையைக் கழற்றி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு "அப்படியா" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, திரும்பவும் அதே கொடியில் காயப்போட்டாள்.

அன்று எனக்கு வந்த கோபத்தில்தான் அந்தத் திட்டம் உருவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பிறந்தநாள். அத்தையும் மாமாவும் வருகிறார்கள். கார்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். அம்மாவின் கேக் அந்த ஸ்டவ்விலேயே, அத்தையின் கண்ணெதிரிலேயே தீய்ந்துபோனால், இந்தத் தரித்திரம் பிடித்த ஸ்டவ் வேண்டாம், கேஸே வாங்கிவிடலாம் என்று அவளே சொல்லிவிடுவாள். பத்து வயது மூளைக்கு இது பெரிய ராஜதந்திரம்.

பருத்திப்பட்டு வழியாக வருகிற பஸ்ஸில் மூன்று மணிக்கு அத்தையும் மாமாவும் வந்து இறங்கினார்கள். கேக் அப்போதே அடுப்பில் ஏறியிருந்தது. கூடத்தில் அத்தை கேஸ் பேச்சைத்தான் எடுத்தாள். "ஊட்டுக்கு வர்ற லட்சுமிய வாணாம்னு சொல்றவள இப்பத்தான்டா பாக்குறேன்" என்றாள் அப்பாவிடம். அம்மா அடுப்படியில் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருந்தாள்.

"பாரு, வந்துடுச்சா" என்றாள் என்னிடம்.

ஏலக்காய் வந்துவிட்டிருந்தது. "இன்னும் முட்டை வாசனைதாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். வெல்லப்பாகு வாசனை கம்மென்று வீசியது. "இப்பத்தான் ஏலக்காய் வருது" என்றேன். அவள் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனாள். "நீ இங்கயே நில்லு. வந்ததும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நின்றேன். கூப்பிடவில்லை. வெல்லம் கருகியது. அப்புறம் வெண்ணெய் கருகியது. துளையில் மெல்லிசாகப் புகை கிளம்பியது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்திலிருந்து உள்ளே வந்தாள். அதே நேரம் அம்மா கையில் தட்டுகளோடு பின்வாசல் வழியாக வந்தாள். புகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்த நாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, சிரித்த முகமாக, "என்ன அண்ணி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அத்தை அவளையே பார்த்தாள். "இன்னா தீயுதுன்னு கேக்க வந்தேன். தெருமுன வரிக்கும் நாத்தம் போவுது. நீ இன்னாடான்னா சிரிச்சிகினு நிக்கிற. உனுக்கு மூக்கு கீதா இல்லியா?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக ஸ்டவ்வை அணைத்தாள். "சளி அண்ணி. மூக்கடைப்பு" என்றாள்.

"போன தபா வந்தப்ப ஊசிப்போன கொழம்ப ஊத்துன. அப்பவும் சளின்ன. அது இன்னா சளி, வருஷம் பூரா?"

பெண் சொன்னதை நம்பித்தான் விட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும் என்று எனக்குத் தெரிந்தது. தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னேன்: "எனக்குந்தான் அத்தை சளி. எனக்கும் ஒரு வாசனையும் தெரியல."

அத்தையின் முகம் சட்டென்று இளகிவிட்டது. "ஆத்தாளுக்கும் பொண்ணுக்கும் ஒட்டிக்கினு கீதா? மழையில ஆட உட்டா வேற இன்னா ஆவும். மொளகு ரசம் வெச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த மாதிரி இருந்தது எனக்கு. அம்மாவும் தப்பித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் அம்மா நிம்மதியாக மூச்சு விடவில்லை. என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கட்டு வலித்தது.

"எப்போலேர்ந்து?"

"எதும்மா?"

"வாசனை தெரியலன்னியே. எப்போலேர்ந்து? காய்ச்சல் அடிச்சுதா? சொல்லுடி."

"நேத்துலேர்ந்து" என்றேன். கூடத்தில் அத்தை குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன பொய்யைக் கைவிடத் தைரியம் இல்லை.

அம்மா உள்ளே போய்க் காபிப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே திறந்தாள். தெரியவில்லை என்றேன். பெருங்காயத்தைக் கொண்டுவந்தாள். தெரியவில்லை என்றேன். கற்பூரத்தை உள்ளங்கையில் தேய்த்து நீட்டினாள். கடைசியில் ஸ்டவ் துடைக்கிற துணியைக் கொண்டுவந்தாள். அந்தத் துணியின் வாசனை பள்ளிக்கூடத்தில் என்னைத் தனியாக உட்காரவைத்த வாசனை. கண்ணில் நீர் முட்டியது. "இதுவும் தெரியலம்மா" என்றேன்.

அம்மா துணி துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, தோள் மட்டும் குலுங்க அழுதாள். "என்னோட போகட்டும்னு இருந்தேனே" என்று அந்த முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள். என்ன போகட்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அம்மா அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோனேன்.

"தெரியுதும்மா. எல்லாம் தெரியுது. சும்மா சொன்னேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை. எழுந்து வந்து ஒரு கையால் என் கண்ணைப் பொத்தினாள். இன்னொரு கையால் ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே காட்டினாள். காபிப்பொடி என்றேன். கற்பூரம் என்றேன். பெருங்காயம் என்றேன். மறுபடி மாற்றிக் காட்டினாள், மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை ஒன்றுமே காட்டாமல் என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

"கேக் தீயறது?"

"அதுவும் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, முதுகை அடிக்குத் தயாராக வளைத்துக்கொண்டேன்.

அடி விழவில்லை. அவள் என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணீரும் சிரிப்புமாக, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். "திருட்டுக் கழுதை" என்றாள். என் மூக்கைப் பிடித்துக் கிள்ளி, அதே இடத்தில் முத்தம் கொடுத்தாள்.

பிறகு உள்ளே போய்க் கருகிய மேல்தோலைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, நடுவில் இருந்ததைத் துண்டு போட்டு, சர்க்கரைப் பாகு தெளித்து எடுத்து வந்தாள். அத்தை இரண்டு துண்டு சாப்பிட்டாள். லேசாகக் காந்தல் இருந்தாலும் ருசியில் குறையில்லை என்றாள். திங்கட்கிழமை அம்மா பிடித்த பிடியில் நின்றாள், அப்பா கோபத்தோடு வேலைக்குப் போனார், கேஸ் முறை யாருக்கோ போயிற்று. என் யூனிஃபார்ம் அதே கொடியில் காய்ந்தது.

நான் மூன்று நாள் அடிக்காகக் காத்திருந்தேன். வேண்டுமென்றே கேக்கைத் தீயவிட்டதற்கு ஒன்று, அத்தனை பொய் சொன்னதற்கு ஒன்று என்று மனத்துக்குள் எண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. போகிற வருகிற போதெல்லாம் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெற்ற பெண் பொய் சொன்னாள் என்று தெரிந்து ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கேக் விஷயத்தில் அம்மாவுக்கு நான் நினைத்த அளவு அக்கறை இல்லை.