அம்பு ஒட்டிய கல்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அன்புசெல்விக்குச் செக்கிங் வேலை. துணியில் எங்கே ஓட்டை, எங்கே பிசிர் என்று பார்த்துச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். பக்கத்தில் இருக்கும் கருப்பாத்தாள் அம்பு காட்டும் பிசிரைக் கத்தரித்துத் தள்ளுவாள். அம்பைக் கண்டால் கேள்வி கேட்காமல் வெட்ட வேண்டும் என்று அவளைப் பழக்கியதும் அன்புசெல்விதான்.

வாரமெல்லாம் குறை தேடிய கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மாற்று வேண்டாமா? கம்பெனிக்குப் பின்னால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. அங்கே அவளும், அதே டேபிளில் வேலை பார்த்த தேவிப்பிரியாவும் சாயங்காலத்தில் பூப் பார்த்து நடப்பார்கள். கோடையில் அந்தக் காட்டில் என்ன பூத்துக் கிழிக்கிறது என்று கம்பெனியே சிரிக்கும். ஆவாரை பூக்கும், எருக்கு பூக்கும், முள்ளுக்குள் பேர் தெரியாத ஊதாப் பூ ஒன்று பூக்கும். சிரித்தவர்கள் குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நரிவெங்காயப் பூவை மட்டும் இருவரும் பார்த்ததில்லை. கோடை மழைக்குப் பிறகு, மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து இலையே இல்லாத வெறும் தண்டு ஒன்று மண்ணைப் பிளந்து வரும். அந்தியில் விரிகிற பூ விடிந்தால் வாடிவிடும். அடுத்த கோடையில் பார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே தேவிப்பிரியா ஜோர்டானில் ஒரு கம்பெனிக்குச் சூப்பர்வைசராகப் போய்விட்டாள்.

அதன்பிறகு அன்புசெல்வி தனியாகத்தான் நடந்தாள். பூவைக் கண்டதும் "இங்க பாரு கண்ணு" என்று திரும்புவாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தச் சித்திரையில் தேவிப்பிரியா லீவில் வந்தாள். அதற்கென்றே காத்திருந்ததுபோல மழை பெய்து, ஒரு தண்டு மொட்டோடு எழும்பியது. ஞாயிறன்று கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். அந்தி மசங்கலில் இடம் தப்பிவிடக் கூடாதே என்று, அன்புசெல்வி பக்கத்துக் கல்லில் ஒரு அம்புக்குறியை ஒட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை வேலைக்கு நடுவே கருப்பாத்தாள் பேச்செடுத்தாள். "ஏனம்மிணி, நேத்து ஆடு ஓட்டிட்டுப் போனன். கல்லுல அம்பு ஒட்டுனது நீதான? அந்த நரிவெங்காயத் தண்ட அப்பவே வெட்டி எறிஞ்சுட்டன். வெசச் செடி, ஆடு கடிச்சா ஆகாதல்லொ."

அன்புசெல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரைத் திட்டுவது? "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

மறுநாள் தேவிப்பிரியாவை அந்தக் கல்லுக்கே கூட்டிப்போனாள். வெட்டுப்பட்ட அடித்தண்டு காய்ந்து நின்றது. நடந்ததைக் கேட்ட தேவிப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தண்டு வருங்களாக்கா?"

"இந்த வருசம் வராது கண்ணு."

பூ விரிந்திருக்க வேண்டிய நேரம் வரைக்கும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது தேவிப்பிரியா கல்லிலிருந்த அம்பை உரித்துத் தன் போனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

"புதன்கிழமை பிளைட்டுங்கக்கா. நான் மறுக்கா வர்ற வரைக்கும் கெழங்கு இங்கயே இருக்குமல்லொ?"

போகாதே என்ற சொல் அன்புசெல்வியின் வாய்வரைக்கும் வந்தது.

"இருக்கும் கண்ணு. அது எங்க போகப்போகுது" என்றாள்.