விசையைத் தொட்டதும் நிற்கும் குரல்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டுத்தான் நிரல் எழுதுகிறேன். நாவலூர் அலுவலகத்தில் எனக்கு வந்த வேலையும் அதைச் சேர்ந்ததே: அந்த மென்பொருளுக்கும் ஒரு புதிய தமிழ்க் குரலுக்கும் நடுவில் இருந்து, 'பேசு', 'நிறுத்து' என்ற கட்டளைகளைக் கொண்டுசேர்க்கும் 'டிரைவர்' என்ற நிரலை எழுதுவது.

பேசவைப்பது இரண்டு நாளில் முடிந்தது. நிறுத்துவதுதான் உயிரை வாங்கியது. மெயில் பட்டியலில் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் குரல் உடனே அடுத்த வரிக்குத் தாவ வேண்டும். இதுவோ பழைய வரியை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தது.

"வாய்ஸ் ஸ்வீட்டா இருக்கே மேடம், ஒரு செகண்ட் லேட்டானா என்ன?" என்றார் கூட வேலை செய்பவர்.

"நீங்க பக்கத்தைப் புரட்டுறப்பல்லாம் யாராவது கையைப் பிடிச்சு வெச்சா எப்படி இருக்கும் சார்?"



ஒரு சனிக்கிழமை, தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடி நிறுத்தும் பகுதியை மாற்றி எழுதினேன். விசையை அழுத்தியதும் கணினி அப்படியே ஊமையாகிவிட்டது. என்ன பிழை என்று வாசித்துச் சொல்லவும் அதனால் முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன். அவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்.

"ஸ்கிரீன்ல கடைசியா இருக்கிற வரியெல்லாம் படிங்க."

"ஸ்டாப்... வெயிட்டிங். மறுபடியும் வெயிட்டிங். இதேதாம்மா வந்துட்டே இருக்கு."

புரிந்துவிட்டது. குரல் முடியட்டும் என்று டிரைவரும், டிரைவர் விடட்டும் என்று குரலும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்தன. காத்திருப்பதையே எடுத்துவிட்டேன். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 'நிறுத்தச் சொன்னார்களா' என்று பார்க்கவைத்தேன். சாயங்காலம் அம்புக்குறியைப் படபடவென்று அழுத்தினேன். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து மட்டும் கேட்டது.

"என்னம்மா, திக்குது?"

"திக்கலைங்க. சொன்ன பேச்சைக் கேக்குது!"

அந்த டிரைவர் இப்போது கணினியின் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. போன மாதம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி, எனக்கே பிடிபடாத வேகத்தில் தமிழ்ப் பாடத்தைத் தாவித் தாவிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது செம ஃபாஸ்ட் அக்கா. டக்குனு நின்னுடும். நீங்க யூஸ் பண்ணியிருக்கீங்களா?"

அடக்கமாகப் பேசித்தான் எனக்குப் பழக்கம். அன்று மட்டும் முடியவில்லை.

"நான்தாம்மா எழுதினேன்" என்றேன்.