பச்சை பூசிய ரூபன்

போன ஹாலோவீன் அன்று மகளுக்கு முகத்தில் பச்சைச் சாயம் பூசும் வேலை என் தலையில் விழுந்தது. வேற்றுக்கிரக மனுஷியாகப் போகிறாளாம். நான் பூசிய அழகில், அம்மைக்கு வேப்பிலை அரைத்துப் பூசிய பிள்ளை மாதிரி இருந்தாள். ஒரு கன்னம் முடிவதற்குள், "இட்ச்சஸ் அப்பா, ஸ்டாப்!" என்று அரிப்புத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை. பிரஷ்ஷைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மூண்டு நாள் சோப் போட்டும் போகேல்லை" என்று தயாவின் குரல் காதருகே கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

தயாபரனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்த புதிதில், சென்னை நண்பன் சேகரோடு ஒரு அபார்ட்மெண்டில் இருந்தேன். ஹாலில் ஒரு டிவி, ஒரு விசிஆர், தரையில் ஒரு மெத்தை, அவ்வளவுதான் குடித்தனம். தயா எங்கள் ஆபீஸ் லேபில் டெக்னீஷியன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இத்தாலியில், பலெர்மோவில், பல வருஷம் வீட்டுவேலை பார்த்துவிட்டு, கிரீன் கார்டு லாட்டரியில் அமெரிக்கா வந்தவர். அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் மீன்குழம்பு வைத்து எடுத்து வருவார். நாங்கள் சோறு மட்டும் வடித்துக் காத்திருப்போம். அந்தச் சோற்றையும் வாராவாரம் குழையவிட்ட பெருமை என்னுடையது.

அப்படி ஒரு சனிக்கிழமை, மௌரி அவென்யூவில் இருந்த வீடியோ கடையிலிருந்து சேகர் ஒரு கேசட் எடுத்து வந்தான். உலகமே வரிசையில் நின்று பார்த்த ஒரு விண்வெளிப் படம் என்று நினைத்திருக்கிறான். அட்டையில் அதே நட்சத்திரங்கள், அதே மாதிரி எழுத்து. ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தைக் கிண்டல் பண்ணி இத்தாலியில் யாரோ சில்லறைச் செலவில் எடுத்தது இது. பறந்து வந்த விண்கலம் ஒரு ஹேர் டிரையர். வில்லன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உலகத்தை அழிக்கப் புறப்பட்டான். ஆங்கிலத்தில் டப் செய்திருந்தார்கள். வாய் மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருந்தது.

"டேய், ஹீரோ கைல வேக்யூம் கிளீனர் பைப்புடா!" என்று சேகர் மெத்தையில் புரண்டு சிரித்தான்.

பிறகு ஒரு கல்குவாரி வந்தது. நூடுல்ஸ் வடிக்கிற ஓட்டைப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முகமெல்லாம் பச்சை பூசிய இருபது முப்பது பேர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். வேற்றுக்கிரகப் படையாம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தயா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ."

"ஏன் தயா, என்னாச்சு?"

"பின்னுக்கு விடுங்கோ. அது என்ர தம்பி."

சேகர் அதற்கும் சிரித்தான். தயாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.

ரீவைண்ட் செய்து பார்த்தோம். வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு பையன். ஹீரோ சுடுகிறான். பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றி, தள்ளாடி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு விழுகிறான். தலையிலிருந்த பாத்திரம் உருண்டு ஓடுகிறது. மற்றவர்கள் எல்லாம் செத்துக் கிடக்க, இவன் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்க்கிறான். சிரிக்கிறான். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லையோ பொறுமை இல்லையோ, அப்படியே விட்டுவிட்டார்கள்.

"பலெர்மோவில ரெண்டு பேரும் ஒண்டா இருக்கேக்கை எடுத்தது. நானும் அதில நிண்டனான். நான் அவங்கள் சொன்னபடி செத்துக் கிடந்தன்" என்றார் தயா. "மத்தியானச் சாப்பாடு தருவினம் எண்டு போனது. கறுத்த ஆக்களின்ர தோலில பச்சை நல்லாப் பிடிக்குமாம். முகமெல்லாம் அரிச்சுக் கடிச்சது. மூண்டு நாள் சோப் போட்டும் போகேல்லை. படம் வந்ததோ எண்டுகூடத் தெரியாது."

"தம்பி இப்ப எங்க இருக்காரு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மாவுக்குச் சுகமில்லை என்று தம்பி ரூபன் ஊருக்குப் போயிருக்கிறான். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், கடைக்கென்று சைக்கிளில் புறப்பட்டவன் திரும்பவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. சண்டைக் காலம், யார் பிடித்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு பாஸ்போர்ட் போட்டோ.

மறுநாளே தயா வந்தார். "அம்மாவுக்கு அனுப்பவேணும். உந்தத் துண்டை மட்டும் எடுத்துத் தர ஏலுமே?"

கம்ப்யூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டுவதில் நான் ஒரு மேதை என்று அப்போது எனக்கு நினைப்பு. அதற்கு முந்தைய சாதனை, சேகரின் அக்கா கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை அழித்தது. தயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பச்சையை எடுங்கோ. அம்மா பயந்திடுவா."

கறுப்பு வெள்ளையாக மாற்றினேன்.

"விழுறதை வெட்டுங்கோ."

"அத வெட்டினா சும்மா படுத்திருக்கறதுதான் இருக்கும் தயா."

"அது காணும், போதும். சுடுறது ஒண்டையும் அவ பாக்கக்கூடாது."

வெட்டினேன். பதினொரு விநாடி மிச்சமிருந்தது. தரையில் படுத்திருக்கும் பையன் ஒரு கண்ணைத் திறந்து சிரிக்கிறான். ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் பார்க்கிங்கில் தயா என்னை நிறுத்தினார். "அம்மா பக்கத்து வீட்டு டிவியில பாத்தவ. 'நித்திரையால எழும்புறான், காலமையில இப்பிடித்தான் ஒரு கண்ணால பாப்பான்' எண்டு சிரிச்சவவாம்." அவர் சிரிக்கவில்லை. "பிறகு என்னட்டக் கேட்டவ, இது எந்தத் தடுப்பு முகாமில எடுத்தது எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாது அம்மா எண்டன்."

அப்போதாவது தயா, அது ஒரு பழைய சினிமா என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுங்கள் என்று நானும் வற்புறுத்தவில்லை. அந்த அம்மா கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். பிள்ளை உயிரோடு இருக்கிறான், பாருங்கள் என்று. தயா அதையெல்லாம் வந்து சொல்வார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். பிறகு அவர் வருவது குறைந்தது. டெக்சாஸில் வேலை கிடைத்துப் போனபோது, வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

பல வருஷம் கழித்து ஒரு போன் வந்தது.

"அம்மா போயிட்டா" என்றார் தயா. "கடைசி வரைக்கும் அவனுக்கு ஒரு திவசம் செய்ய விடேல்லை. இனி நான்தான் செய்யவேணும். ஆனா கண்ணை மூடினா அவன் எழும்புறதுதான் வருகுது. உங்களிட்ட முழுசும் இருக்கோ? அவன் விழுறது?"

என்னிடம் இல்லை. கேசட்டை அந்த வாரமே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வெட்டியதைப் பத்திரப்படுத்திய மேதைக்கு முழுவதையும் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தேடித் தருகிறேன் என்றேன். கடை இருந்த இடத்தில் ஒரு டேகேர் வந்திருந்தது. படத்தின் பெயர் எனக்கோ தயாவுக்கோ நினைவில்லை. இந்த மாதிரிப் படங்களைச் சேர்த்துவைக்கும் கிறுக்கர்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஹேர் டிரையர் பறக்கும் படங்கள் இத்தாலியில் நிறைய உண்டு என்று பதில் வந்தது. சேகருக்கு அந்தச் சனிக்கிழமையே மறந்துவிட்டது. தயாவின் நம்பரில் இப்போது ஸ்பானிஷ் பேசும் ஒரு பெண் எடுக்கிறாள்.

அந்தக் குவாரி, சுட்டவன், தள்ளாடித் தள்ளாடி விழுந்த விதம், எல்லாம் போய்விட்டன. என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பது அந்தப் பதினொரு விநாடிதான். அதில் ரூபன் விழுவதே இல்லை.