காஜா முகைதீனின் வலது கை

காஜா முகைதீனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. லிட்டில் இந்தியாவில் பயணப் பெட்டி விற்கும் தன் கடையில் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். "முதலாளிக்கு ரொம்பத்தான் கெத்து" என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவார். பாவம் என்று சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

மகள் அஃப்னாவின் நிக்காஹ் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைக் கொடுக்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். முடித்ததும் கையை ஒரு குலுக்கு. அதுதான் சைகை, மாப்பிள்ளை உடனே ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மலாய்க்காரர்களின் வழக்கம், காஜாவின் குடும்பத்திலும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். காஜா பாதி சொல்வதற்குள் மாப்பிள்ளை அஹ்சன் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

"நான் இன்னும் கொடுக்கவே இல்ல லா," என்றார் காஜா.

"கை குலுங்குச்சே மாமா."

அஃப்னா சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்களுக்குப் பதிலா உங்க தம்பி உக்காரட்டுமே," என்றாள் மனைவி நஃபீசா.

"என் மகளை நான்தான் கொடுப்பேன்."

அந்த வாரமே தோ பாயோவில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான சைக்கிள் வகுப்பில் சேர்ந்தார். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்கள். "உங்களுக்குத் தோதான வேகம் வேணாம் அங்கிள், அதுக்கு மேல போங்க," என்று விரட்டுவாள் தெரபிஸ்ட் சங்கீதா. மிதித்து இறங்கியதும் கொஞ்ச நேரம் கை அடங்கிக் கிடந்தது. காஜா அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்காஹ் அன்னிக்கும் இப்படியே இருக்குமா?"

"நடைக்கும் விறைப்புக்கும் நல்லது. கைக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

முதல் பாதிதான் அவர் காதில் ஏறியது. வீட்டுக்கும் ஒரு சைக்கிள் வாங்கினார்.

"மிதிச்ச மிதிக்கு ஜூரோங் மீன் சந்தைக்கே போயிருக்கலாம்," என்றாள் நஃபீசா. "வரும்போது மீனாவது வாங்கியிருக்கலாம்."

நிக்காஹ் அன்று காலையும் மிதித்தார். கை அடங்கியது. ஆனால் நிக்காஹ் நடத்திவைக்க வேண்டிய காதியார் வேறொரு கல்யாணத்தை முடித்துவிட்டு வரத் தாமதமாயிற்று. அஹ்சனுக்கு எதிரே உட்கார்ந்தபோது நடுக்கம் திரும்பியிருந்தது.

"நான் உக்காரவா அண்ணே?" என்று தம்பி காதோரம் கேட்டார்.

காஜா பையிலிருந்து கையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி நீட்டினார்.

"எனக்குப் பார்க்கின்சன். இந்தக் கை சும்மா இருக்காது. மாப்பிள்ளை, கையை நம்பாதீங்க. என் முகத்தைப் பாருங்க. நான் தலையாட்டுன பிறகு சொல்லுங்க."

காதியார் சரி என்றார்.

கை தன்பாட்டுக்கு ஆடியது. அஹ்சன் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்திருந்தான். காஜா நிதானமாகச் சொல்லி முடித்துத் தலையசைத்தார். அஹ்சன் ஏற்றுக்கொண்டான். சாட்சிகள் இருவரும் நிக்காஹ் செல்லும் என்றார்கள்.

அடுத்த வகுப்பில் சங்கீதா கேட்டாள்: "கை எப்படி இருந்துச்சு அங்கிள்?"

"ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. கொடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.