ஹாட்ஸ்பாட் எட்டும் தூரம்

எங்கள் நர்சிங் ஹோமில் அவளைத் தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். யாரைப் பார்த்தாலும் முதலில் நெற்றியில் கை வைப்பாள். என்னோடு ஒரே பேட்சில் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். முப்பது வருடத்தில் ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை. பயந்தேன் என்று அவள் சொல்லிக் கேட்டது ஒரு தடவைதான்.

எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஞாபகம் தேய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பொறுப்பு. விமானம் இறங்கியபின் நான்கு மணி நேரம் ரயில்.

விமான நிலையத்தில் சிம் கார்டு கவுண்டர். நம் ஊர் நம்பரிலேயே நெட் எடுத்தால் ஒவ்வொரு நாளும் கொள்ளை. அந்த ஊர்க் கார்டு மலிவு, ஒரு வாரம் வரும். ஆனால் இரண்டு போனுக்கு இரண்டு கார்டா? அங்கிருந்த இலவச வைஃபையில் மகனைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு போதும்க்கா. ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க, அந்த நெட்டே இன்னொரு போனுக்கும் வரும். ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுதானே வரப்போறீங்க? யாரும் சேரலேன்னா மட்டும் பத்து நிமிஷத்துல அதுவா அணைஞ்சிடும்."

வேறு யாராக இருந்தாலும் கார்டைத் தன் போனில் போட்டிருப்பார்கள். எங்கள் பழக்கம் வேறு. புதுத் துண்டானாலும் புதுத் தலையணையானாலும் முதலில் நோயாளிக்கு. பெரியவரின் போனில் போட்டு, ஹாட்ஸ்பாட்டையும் திறந்து, அவர் சட்டைப் பையில் வைத்துப் பட்டனும் மாட்டினாள்.

ரயில் நிலையத்தில் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். கூட்டிப்போயிருக்கலாமே என்பீர்கள். அந்தக் கதவுக்குள் அவரும் இரண்டு பெட்டியும் நுழையாது. மூன்று நிமிடம். வந்தால் பெட்டிகள் மட்டும் இருந்தன.

போனை எடுத்தாள். நெட்டும் அவரோடு போய்விட்டிருந்தது. மகனைக் கூப்பிட வழியில்லை. மொழிபெயர்க்கும் ஆப்பும் நெட் கேட்டது. பன்னிரண்டு நடைமேடை. எந்த ரயிலிலும் ஏறியிருக்கலாம், தண்டவாளத்தில் இறங்கியிருக்கலாம். சீருடைக்காரர் ஒருவரிடம் பாஸ்போர்ட் படத்தைக் காட்டிக் கையை ஆட்டினாள். அவர் ரேடியோவில் ஏதோ பேசினார். இவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவர் பக்கத்தில் எங்காவது இருந்தால் வைஃபை பட்டியலில் அவர் போனின் பெயர் வரும். ஹாட்ஸ்பாட் அணைய இருந்த பத்து நிமிடத்தில் ஐந்து ஏற்கெனவே போயிருந்தது.

"அன்னைக்குத்தான்டி நான் பயந்தேன். போனை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு ஓடினேன்" என்றாள் என்னிடம்.

ஏழாவது மேடையில் அவர் போனின் பெயர் ஒரு கோடு சிக்னலோடு தெரிந்து மறைந்தது. எட்டாவதில் மறுபடி. நின்றிருந்த ரயிலை ஒட்டியே போனாள். இரண்டு கோடு, மூன்று. ஜன்னலோரம் பெரியவர். பாய்ந்து ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.

"எங்கம்மா போயிட்ட? தேடித் தேடி எனக்குக் காலே வலிக்குது."

"ஆமாங்கய்யா, நான்தான் காணாமப் போயிட்டேன்."

தவறான ரயில், பெட்டிகள் பெஞ்சில். ஆனால் நெட் வந்துவிட்டது. பெட்டிக்குள் எழுதியிருந்த ரயில் பெயரைப் படமெடுத்து அனுப்பிவிட்டு மகனைக் கூப்பிட்டாள். மகன் சொன்னார்: "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே இருங்கக்கா. நான் கார்ல வர்றேன். அந்த ஸ்டேஷன் வர நாப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ரயில் எங்கேயும் நிக்காது. பெட்டிங்களை எடுத்துவைக்க நான் போன்ல சொல்லிடுறேன்."

நாற்பது நிமிடமும் பெரியவரின் சட்டை நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள். இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டே போய் இன்னொரு கார்டு வாங்கித் தன் போனில் போட்டாள்.